அறுபத்து நாலு பேரின் பெருவிரல்

வேணுகோபாலுக்கு ஆபீசில் ஒரே ஒரு வேலைதான். தினமும் எழுநூறு தடவை "ஆம், நான்தான்" என்று சொல்ல வேண்டும். வாயால் அல்ல, வலது கைப் பெருவிரலால். அதையும் தனக்காக அல்ல, வேறு அறுபத்து நாலு பேருக்காக.

இப்படியும் ஒரு உத்தியோகமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தெலுங்குப் பக்கம் ஜீடிமெட்லாவில் ஊசி மருந்து செய்கிற கம்பெனி அது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், சொன்னது நான்தானா என்று கேட்டு எனக்கும் ஒரு ஓடிபி அனுப்பி வைப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாலாநகர் பக்கம் வேறொரு கம்பெனிக்குள் எவனோ கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்துவிட்டான். ஒரே ஒரு பாஸ்வேர்டுதான் அவன் கையில் இருந்தது. அதை வைத்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போய்விட்டான். பதினோரு நாள் அங்கே பென்சிலும் பேப்பருமாகத் திண்டாடினார்கள். அந்தச் சேதி வந்ததும் நம் கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? இங்கே எடை போடும் அறையின் பாஸ்வேர்டு சுவரில் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருந்தது. ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள்.

ஆகவே எம்.எஃப்.ஏ. வந்தது, அதாவது உள்ளே வருகிற ஆளைப் பல காரணிகளால் சரிபார்ப்பது. பாஸ்வேர்டு அடித்தால் மட்டும் போதாது. உடனே உங்கள் போனில் "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்று ஒரு கேள்வி வரும். விரல் ரேகை வைத்துப் போனைத் திறந்து, அறுபது விநாடிக்குள் "ஆம், நான்தான்" என்று அமுக்க வேண்டும். நல்ல யோசனைதான், அதில் எனக்குக் குறையே கிடையாது. பாஸ்வேர்டை எங்கோ உட்கார்ந்து திருடிவிடலாம், கூடவே ஆளின் போனையும் விரலையும் திருடுவது லேசில் நடக்காது. இந்த யோசனையை யார் கையில் கொடுத்தார்கள் என்பதில்தான் வினை.

கொடுத்தது ராகவேந்திராவின் கையில். அவருடைய பதவியின் பெயர் தலைமை டிஜிட்டல் நம்பிக்கை அதிகாரி. தொடக்க விழாவில் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார்.

"நண்பர்களே, சந்தேகம்தான் நம்பிக்கையின் அஸ்திவாரம்! என்னைப் பாருங்கள். காலிங் பெல் அடித்தால் கேமராவில் முகம் பார்ப்பேன், குரல் கேட்பேன், பிறந்த தேதி கேட்பேன். அதற்கப்புறம்தான் என் மனைவிக்கே கதவு திறக்கும். போன வாரம் அவர் தேதியை மாற்றிச் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் வெளியே நின்றார். இன்று எங்கள் வீடு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறது தெரியுமா!"

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவியும் முன்வரிசையில்தான் இருந்தார். அவர் தட்டியதாக எனக்குத் தகவல் இல்லை.

மறுநாள் காலையில்தான் விஷயம் விளங்கியது. ஊசி மருந்து நிரப்பும் சுத்த அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அது அந்தத் தொழிலின் முதல் சட்டம். உள்ளே போகிறவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி, இரண்டு ஜோடிக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்பார்கள். உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் கம்ப்யூட்டரில் கையெழுத்து. ஒவ்வொரு கையெழுத்துக்கும் வெளியே லாக்கரில் கிடக்கும் போனில் ஒரு கேள்வி. உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வரப் பன்னிரண்டு நிமிஷம். கேள்வியின் ஆயுளோ அறுபது விநாடி. திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே போக இருபத்தைந்து நிமிஷம். அன்று சாயங்காலம் வரை அறுபத்து நாலு பேரும் உடுத்துவதும் கழற்றுவதுமாகவே இருந்தார்கள். ஒரு ஊசி மருந்துகூட நிரம்பவில்லை.

கமிட்டி போட்டார்கள். ஏழு முறை கூடியது. சுத்த அறைக்குள்ளேயே வைக்க ஒரு சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது, போனே தேவையில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னான். அதை வாங்க ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் அன்று லாகின் ஆக முடியாததால் அந்த யோசனை கைவிடப்பட்டது. கடைசியில் உடை மாற்றும் அறையின் வாசலில் கிடந்த பழைய செருப்பு ரேக்கைத் துடைத்து, பெயின்ட் அடித்து, அறுபத்து நாலு தட்டுகளுக்கும் நம்பர் எழுதி, மேலே 'மொபைல் நம்பிக்கை நிலையம்' என்று போர்டு மாட்டினார்கள். எல்லோருடைய போனும் அதில் இருக்கும். கேள்வி வரும்போதெல்லாம் அமுக்குவதற்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

அந்த ஆள்தான் நம் வேணுகோபால்.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்ச் சீமையிலிருந்து அந்த ஊர்ப் பட்டாளக் கன்டோன்மென்ட்டுக்குக் குமாஸ்தாவாக வந்தவர். அதிலிருந்து குடும்பம் பக்கத்து மாரெட்பள்ளியைத் தாண்டவில்லை. கம்பெனியின் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருஷம் பைல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனதும் அந்த அறைக்கு யாரும் வருவதில்லை. நாலு மாதம் காலி அலமாரிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆகையால் செருப்பு ரேக் பக்கத்தில் ஒரு நாற்காலி என்றதும் மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். காலை எட்டே நாற்பதுக்கு ஷிப்ட் ஆட்கள் வரிசையாக வந்து போனை நீட்டுவார்கள். நீட்டும்போது ஒவ்வொருவரும் "அண்ணா, தின்னாரா?" என்பார்கள். சாப்பிட்டீர்களா என்று தெலுங்கில் கேட்பது. அந்த ஊர்ப் பக்கம் அது வெறும் வணக்கம் மாதிரி, பதிலுக்கு யாரும் நிற்பதில்லை. வேணுகோபால் மட்டும், ஆமாம் என்பதற்கு அந்த ஊர் 'ஹவ்' போட்டு, அறுபத்து நாலு பேருக்கும் பதில் சொல்வார். "ஹவ், ஆச்சு." "உப்புமா." "இன்னிக்கு பிரெட்டு."

வீட்டில் கேட்க ஆளில்லை. மனைவி சகுந்தலா, மகள் அஸ்வினியின் பிரசவத்துக்கென்று ஆறு மாதத்துக்குக் கனடா போனவள். ஒரு குழந்தை பிறந்தது, அடுத்ததும் பிறந்தது, மகளுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் வருவாள். "சாப்ட்டீங்களா?" என்பாள். அவர் வாய் திறப்பதற்குள் பின்னால் ஒரு குழந்தை அழும், படம் உறைந்து நிற்கும். சகுந்தலாவின் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் அப்படியே இருக்கும். அதை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவார். வாரத்துக்கு ஒரு முறை வீட்டில், நாளைக்கு அறுபத்து நாலு முறை ஆபீசில். இப்போது சொல்லுங்கள், எந்த மனுஷன் அந்த நாற்காலியை விடுவான்? இன்னும் மூன்றரை வருஷம் சர்வீஸ் இருந்தது. அந்த மூன்றரை வருஷத்தையும் அங்கேயே கழித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் சாமியிடம் கேட்டது.

கம்பெனி சும்மா இருக்குமா? போனைத் திறக்க விரல் ரேகை வேண்டுமே. அறுபத்து நாலு போனிலும் வேணுகோபாலின் வலது பெருவிரலைப் பதிவு செய்தார்கள். அன்று முதல் அந்த விரல் கம்பெனியின் முக்கியச் சொத்து. அதற்கென்று ஒரு சர்க்குலர் வந்தது. வெங்காயம் நறுக்கக் கூடாது. தேங்காய் நார் வைத்துப் பாத்திரம் தேய்க்கக் கூடாது. பஸ் கம்பியைப் பிடிக்கும்போது இடது கையைப் பயன்படுத்தவும். பாத்திரம் தேய்க்க வீட்டில் வேறு யாரும் இல்லாததால் வேணுகோபால் சமைப்பதையே விட்டுவிட்டு மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தார். அப்படியும் எழுநூறு தடவை கண்ணாடியில் உரசிய விரல் வழவழவென்று ஆகிவிட்டது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தேய்ந்த ரேகையைத் தேய்ந்தபடியே அறுபத்து நாலு போனிலும் புதிதாகப் பதிவு செய்வார்கள். வேறெங்கும் அந்த விரல் செல்லுபடியாகவில்லை. பேங்கில் மூன்று தடவை வைத்துப் பார்த்து, "வேற யாராவது வீட்டுல இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார்கள்.

ரேக்குக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடி. அதன் வழியே சுத்த அறை தெரியும். எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்பு, வெளியிலிருந்து பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. வேணுகோபாலுக்குத் தெரிந்தது. உமேஷ் குதிகாலை உரசி நடப்பான். பானு எந்தப் பொத்தானையும் அமுக்குவதற்கு முன்னால் கழுத்தை ஒரு முறை சாய்ப்பாள். போனில் கேள்வி வந்தால் அவர் முதலில் கண்ணாடி வழியே பார்ப்பார். ஆள் கம்ப்யூட்டர் முன்னால் நின்றால்தான் அமுக்குவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை. யார் யாருடைய அம்மா பதினோரு மணிக்குக் கூப்பிடுவாள், யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் எல்லாம் அவருக்குத் தெரியும். கூப்பிட்டால் எடுக்கக் கூடாது என்பது விதி. அவர் எடுக்கமாட்டார். சாயங்காலம் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உங்கம்மா மூணு வாட்டி பண்ணிட்டாங்க, முதல்ல பேசுங்க" என்பார். அவர் சட்டைப் பையில் கிடந்த சொந்தப் போன் மட்டும் வாயைத் திறக்காது.

இப்படியே இரண்டு வருஷம் போனது. அதற்கப்புறம் நம்பிக்கை வாரம் வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எல்லோரும் முற்றத்தில் உறுதிமொழி எடுக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது என்று ராகவேந்திரா உத்தரவு. போன்கள் ரேக்கிலேயே இருந்தன. அறுபத்து நாலு பேரும் வெயிலில் வரிசையாக நின்று வலது கையை நீட்டினார்கள். ஒலிபெருக்கியில் ராகவேந்திரா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்கள்.

"என் போனை என்னைத் தவிர எவரும் தொட அனுமதியேன்!"

"அனுமதியேன்!"

உள்ளே அந்தப் போன்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த வேணுகோபாலும் மரியாதைக்காக எழுந்து நின்று கையை நீட்டினார். அப்போது மணி மூன்று பத்து. நாற்பத்தொன்றாம் தட்டில் இருந்த போன் அதிர்ந்தது.

"ஸ்ரீலேகா. உள்ளே நுழைவது நீங்கள்தானா?"

ஸ்ரீலேகா மருந்தின் தரம் பார்ப்பவள். எந்த மருந்து வெளியே போக வேண்டுமென்றாலும் அவள் கையெழுத்து வேண்டும். திருச்சிப் பக்கத்துப் பெண், அங்கே வேணுகோபாலிடம் தமிழில் பேசுகிற ஒரே ஆள். அவர் விரலை வைத்துப் போனைத் திறந்தார். பழக்கப்படி கண்ணாடி வழியே பார்த்தார். சுத்த அறை காலியாக இருந்தது. ஜன்னலுக்கு வந்து முற்றத்தை எட்டிப் பார்த்தார். ஸ்ரீலேகா மூன்றாவது வரிசையில் வலது கையை நீட்டியபடி, இடது கையால் மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

அப்படியென்றால் உள்ளே நுழைவது யார்?

'இல்லை' என்ற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் அதை அவர் பார்த்ததே கிடையாது. கண்டுபிடித்து அமுக்கினார். உடனே இன்னொரு தடவை கேட்டது. 'இல்லை.' மறுபடி கேட்டது. விடாக்கண்டன்! ஐந்து முறை கேட்டான், ஐந்து முறையும் 'இல்லை'. ஐந்தாவது 'இல்லை'யோடு கம்பெனி முழுக்கப் பூட்டிக்கொண்டது. அன்று மிச்ச நாள் பூராவும் எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கவில்லை.

ஒரு திருடனை வாசலிலேயே நிறுத்தியவனுக்கு வேறு ஊராக இருந்தால் ஒரு சால்வையாவது போர்த்துவார்கள். இங்கே அடுத்த வாரம் விசாரணை வைத்தார்கள். காலையில் வழக்கம்போல அவர் அமுக்க வேண்டும், விரல் அவசியமாயிற்றே. மத்தியானம் வந்து குற்றவாளியாக உட்கார வேண்டும். ராகவேந்திரா விசாரித்தார். எச்.ஆர். ஜெஸ்ஸி குறிப்பெடுத்தாள்.

"இரண்டு வருஷம், மிஸ்டர் வேணுகோபால். லட்சக்கணக்கான கேள்விகள். நூற்றுக்கு நூறு 'ஆம்'. டெல்லி மாநாட்டில் அந்த நூறைக் காட்டித்தான் எனக்கு விருது கொடுத்தார்கள். இப்போது தொண்ணூற்றொன்பது புள்ளி சொச்சம். எனக்கு எப்படி இருக்கும்?"

"சார், அந்தம்மா முற்றத்துல நின்னுட்டிருந்தாங்க."

"நின்றது ஸ்ரீலேகா என்பதற்கு என்ன ஆதாரம்?"

"கண்ணால பாத்தேன் சார்."

"பார்ப்பது எத்தனையாவது காரணி?"

ராகவேந்திரா விரல் விட்டு எண்ணினார். "பாஸ்வேர்டு, சரியாக இருந்தது. போன், இருந்தது. விரல், இருந்தது. மூன்றும் பொருந்தியவர்தான் ஸ்ரீலேகா. ஆகவே உள்ளே வர முயன்றவர் ஸ்ரீலேகாதான். நீங்கள் முற்றத்தில் பார்த்த பெண்ணிடம் இந்த மூன்றில் எது இருந்தது? ஒன்றும் இல்லை. அவர் யார் என்றுதான் நாங்கள் தனியாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

"அது எப்படி சார்..."

"உறுதிமொழிக்கு வந்ததைப் போனில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், ஜெஸ்ஸி?"

"ஒருத்தர் சார். வேணுகோபால்."

"பார்த்தீர்களா? அன்று முற்றத்தில் யாருமே இல்லை. வராத கூட்டத்தைப் பார்த்ததாகச் சொல்கிறீர்கள்."

வேணுகோபால் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அழுகையாக வந்தது. வேலை போவதைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை. நாளை எட்டே நாற்பதுக்குத் தான் எங்கே இருப்போம் என்பதை நினைத்துத்தான். மாரெட்பள்ளி வீட்டுக் கூடமும் ஓடாத டிவியும் கண் முன் வந்தன.

"சார், அந்தம்மாவையே கூப்பிட்டுக் கேளுங்க. எல்லாரையும் கேளுங்க. தினம் எங்கிட்டதான போன் குடுக்கறாங்க."

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ராகவேந்திராவின் முகம் மாறியது. அடுத்த மாதம் வெளிநாட்டு இன்ஸ்பெக்டர்கள் வருகிறார்கள். மருந்துத் தொழிலில் ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட்டார் என்று தெரிந்தால் கம்பெனியின் கதவையே சாத்திவிடுவார்கள்.

மறுநாள் அறுபத்து நாலு பேரையும் கூட்டிப் பேசினார். "உங்களுக்குத் தெரிந்த உண்மையை அச்சமின்றிச் சொல்லுங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று, நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதை நாங்களே கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்துவிட்டோம். கையெழுத்துப் போடாதவர்கள் இரண்டு வருஷமாகத் தங்கள் கையெழுத்தை யார் போட்டார்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கும் தனிப் படிவம் இருக்கிறது. அதோடு ராஜினாமா படிவமும் சேர்த்துப் பின் செய்யப்பட்டிருக்கிறது."

படிவத்தில் இரண்டே வரி. "என் போனை நான் மட்டுமே இயக்குகிறேன். வேணுகோபால் என்பவரை எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் போன் வாங்க ஸ்ரீலேகா எல்லோருக்கும் கடைசியாக வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, எனக்காகத்தான நீங்க... ஆனா இன்ஸ்பெக்‌ஷன்ல என் பேரு வந்துச்சுன்னா இந்த ஊர்ல எந்தக் கம்பெனியும் என்னைய உள்ள விட மாட்டாங்கண்ணா. ரெண்டு பிள்ளைங்க."

"கைக்கு அழறே, எதுக்கு? நக்கோம்மா, வேணாம். போட்டுடு. எனக்கென்ன, இன்னும் ஒன்றரை வருஷம்."

"நீங்க என்ன செய்வீங்க?"

"கனடாக்குப் போவேன்" என்றார். அவரை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுத்த அறைக்குள்ளிருந்து எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். இங்கேதான் அந்த மூளைக்கார அதிகாரிகள் யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. கையெழுத்துப் போட வேண்டுமென்றால் போனில் கேள்வி வர வேண்டுமே! முதல் தட்டில் உமேஷின் போன் அதிர்ந்தது.

"ஆவணம்: வேணுகோபால் என்பவரை எனக்குத் தெரியாது. கையெழுத்திடுவது நீங்கள்தானா?"

வேணுகோபால் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடி வழியே பார்த்தார். குதிகாலை உரசியபடி உமேஷ் கம்ப்யூட்டர் முன்னால் வந்து நின்றிருந்தான். திரும்பி இந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேணுகோபால் பெருவிரலை வைத்தார். "ஆம், நான்தான்."

அடுத்தது பானு. கழுத்தைச் சாய்த்தாள். "ஆம், நான்தான்." அப்புறம் அடுத்தவர், அதற்கடுத்தவர். வரிசை நகர நகர ரேக்கில் ஒவ்வொரு தட்டாக அதிர்ந்தது. தன்னைத் தெரியாது என்று அறுபத்து மூன்று பேருக்காக அவரே அமுக்கினார். ஒன்றுக்காவது 'இல்லை' என்று அமுக்கியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர் அமுக்கவில்லை. கேட்ட கேள்வி, கையெழுத்திடுவது அந்த ஆள்தானா என்பது மட்டும்தானே? அந்தந்த ஆட்கள்தான் நின்றார்கள்.

கடைசியாக நாற்பத்தொன்றாம் தட்டு அதிர்ந்தது. ஸ்ரீலேகா நின்றாள். அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். அறுபது, ஐம்பது, நாற்பது என்று விநாடி இறங்கியது. வேண்டாம் என்று அவள் தலையாட்டினாலும் ஆட்டுவாள் என்று பார்த்தார். அவள் ஆட்டவில்லை. பத்து விநாடி இருக்கும்போது விரலை வைத்தார். அது அவள்தான், சந்தேகமே இல்லை.

தீர்ப்பு மூன்று வரி. முற்றத்தில் யாரும் இல்லை. பாஸ்வேர்டு திருடு போகவில்லை. வேணுகோபால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.

ஜெஸ்ஸி அவரை எச்.ஆர். அறையில் உட்காரவைத்து ரேகை மெஷினை நகர்த்தினாள். "ரிலீவிங் ஆர்டர் வாங்க உங்க ரேகை வேணும் அங்கிள்."

வைத்தார். பொருந்தவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். பொருந்தவில்லை. மெஷினில் இருந்தது எட்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ரேகை. அந்த ரேகையைக் கம்பெனி அறுபத்து நாலு போனில் தேய்த்துத் தீர்த்தாயிற்று.

"வேணுகோபால் வந்தாத்தான் வேணுகோபாலை ரிலீவ் பண்ண முடியும்" என்றாள் ஜெஸ்ஸி.

"நான்தாம்மா அது."

"எனக்குத் தெரியும் அங்கிள். சிஸ்டத்துக்குத் தெரியணுமே. ரேகை பொருந்தலைன்னா கூட வேலை செய்யற ரெண்டு பேர் இவர்தான்னு கையெழுத்துப் போட்டாப் போதும்." சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட வேலை செய்கிற அத்தனை பேரும் தெரியாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

விவகாரம் ராகவேந்திராவிடம் போனது. அவர் உத்தரவு எழுதினார். "வேணுகோபால் என்பவர் நேரில் வந்து தம்மை நிரூபிக்கும் வரை நீக்க உத்தரவு நிறுத்தி வைக்கப்படுகிறது. அதுவரை, தற்போது ரேக் அருகில் அமர்ந்திருக்கும் நபர் அங்கேயே தொடரலாம். 'இல்லை' என்ற பொத்தான் எல்லாப் போன்களிலிருந்தும் நீக்கப்படுகிறது."

ஆக, நாற்காலி போகவில்லை. சாமி கொடுத்துவிட்டார், இல்லையா?

திங்கட்கிழமை எட்டே நாற்பதுக்கு வேணுகோபால் ரேக் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். ரேக்குக்கு மேலே புதிதாக ஒரு கேமரா மாட்டியிருந்தது. தெரியாத ஆளோடு பேசுவது கேமராவில் விழுந்தால் எழுதிக் கொடுத்தது பொய்யாகிவிடுமே. ஒவ்வொருவராக வந்து, தங்கள் தட்டில் போனை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். உமேஷ் வாயைத் திறந்தான், மேலே பார்த்தான், மூடிக்கொண்டான். ஸ்ரீலேகா போனை வைக்கும்போது கை ஒரு விநாடி தட்டிலேயே நின்றது. அதற்குமேல் அவளுக்கும் தைரியம் இல்லை. அன்று வேணுகோபால் மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டிருந்தார். அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

மத்தியானம் மூன்று பத்துக்கு நாற்பத்தொன்றாம் தட்டு அதிர்ந்தது. பாஸ்வேர்டு திருடு போகவில்லை என்று தீர்ப்பாகிவிட்டதால் அதை யாரும் மாற்றவில்லை. அவன்தான், அதே ஆள். கண்ணாடி வழியே பார்த்தார். ஸ்ரீலேகா அந்தக் கோடியில் குப்பிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கம்ப்யூட்டர் பக்கமே இல்லை. திரையில் 'ஆம்' மட்டும்தான் இருந்தது. அமுக்காமல் விட்டால் அறுபது விநாடியில் கேள்வி தானாகச் செத்துப்போகும். விட்டார். செத்துப்போனது. மறுநாளும் சரியாக மூன்று பத்துக்கு வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான்.

இப்போது தினமும் மூன்று ஐந்துக்கே வேணுகோபால் நாற்பத்தொன்றாம் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறார். எந்த ஊர்க்காரனோ, எந்த பாஷைக்காரனோ. இவ்வளவு பெரிய கம்பெனியில் அவர் இருக்கிறாரா என்று பார்க்க நாள் தவறாமல் வந்து கேட்பது அவன் ஒருவன்தான். போன் அதிர்கிறது. அவர் விரலை மடக்கிக்கொள்கிறார். அறுபது, ஐம்பத்தொன்பது என்று எண் இறங்குகிறது. கேமராவுக்குக் கேட்காதபடி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மெதுவாகக் கேட்கிறார்.

"சாப்ட்டியாப்பா?"